கலீபா வலீதின் கணக்கும் நமது கடன் கொப்பியும்

பாவா ஆதம் மலையைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே இப்னு பதூதாவைத்தான் சொல்வார்கள். 1344இல் அவர் வந்தார், மலை ஏறினார், 'பாவா வழி', 'மாமா வழி' என்று இரண்டு பாதைகள் இருப்பதாக எழுதி வைத்தார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. சீசன் காலத்தில் நல்லதண்ணிக்கு வருகின்ற நம் சகோதரர்களில் பத்துப் பேரில் எட்டுப் பேர் என் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே இதைத்தான் எனக்குச் சொல்லித் தருகிறார்கள். நானும் புதிதாகக் கேட்பவனைப் போலக் கேட்டுக்கொள்வேன். வியாபாரத்தில் அதுவும் ஒரு பகுதிதானே.

ஆனால் இப்னு பதூதாவுக்கு அறுநூறு வருடங்களுக்கும் முன்பு இந்தத் தீவிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் ஒரு யுத்தமே நடந்து, சிந்து தேசம் உமையாக்களின் கைக்குப் போனது. அப்போது கலீபாவாக இருந்தவர் வலீத் இப்னு அப்துல் மலிக். அவருடைய ஆட்சியைப் பற்றி உலமாக்களும் வரலாற்றாசிரியர்களும் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் கடைக்காரன். கடைக்காரனின் கண்ணுக்கு அதில் என்ன பட்டது என்பதை மட்டும் இந்த வாரம் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வலீத் ஆண்டது பத்தே வருடங்கள்தான். ஹிஜ்ரி 86 முதல் 96 வரை, கி.பி. 705 முதல் 715 வரை. அந்தப் பத்து வருடத்தில் மேற்கே தாரிக் பின் ஸியாத் 711இல் கடல் கடந்து ஸ்பெயினுக்குள் போனார். வடகிழக்கே குதைபா பின் முஸ்லிம் புகாராவையும் ஸமர்கந்தையும் பிடித்தார். திமிஷ்க் நகரின் பெரிய பள்ளிவாசல் இவர் கட்டியது. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்கியதும் இவர் காலத்தில்தான். அந்த வேலையை நின்று பார்த்தவர் அப்போது மதீனாவின் கவர்னராக இருந்த உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள்.

இவ்வளவையும் செய்வதற்குக் கையில் காசு வேண்டும் அல்லவா? அதற்கான அடித்தளத்தைப் போட்டு வைத்தவர் வலீதின் தந்தை அப்துல் மலிக். அவர் காலம் வரை முஸ்லிம்களின் சந்தையில் புழங்கியது ரோமர்களின் பொன் காசும் பாரசீகரின் வெள்ளிக் காசும்தான். ஹிஜ்ரி 77இல் அவர் சொந்தமாகத் தீனார் அடித்தார். எடை 4.25 கிராம். இரண்டு வருடங்களில் திர்ஹமும் ஒரே எடைக்கு, ஏறத்தாழ 2.9 கிராமுக்கு வந்தது. ஈராக்கின் அரசாங்கக் கணக்குகள் அதுவரை பாரசீக மொழியில் இருந்தன. அவற்றை அரபிக்கு மாற்றியவர் ஸாலிஹ் பின் அப்துர் ரஹ்மான் என்ற எழுத்தர். நமது தோட்டப் பாஷையில் சொன்னால் பெரிய கணக்கப்பிள்ளை. இந்த ஸாலிஹ் என்ற பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருவார்.

இனி நம்முடைய தீவுக்கு வருவோம். அரபு வியாபாரிகள் இதை 'ஜஸீரதுல் யாகூத்', அதாவது இரத்தினத் தீவு என்று அழைத்தார்கள். ஸரன்தீப் என்ற பெயரும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றோடு கிழக்கே வந்து, வடகிழக்குக் காற்றோடு ஊர் திரும்புவது அவர்களுடைய வழக்கம். எங்கள் மலை சீசன் மார்கழிப் போயாவில் ஆரம்பித்து வெசாக்கில் முடிகிறது. அதற்கும் காரணம் இதே காற்றுத்தான். தென்மேற்கு மழை இறங்கிவிட்டால் நல்லதண்ணியில் குடை வியாபாரத்தைத் தவிர வேறொன்றும் நடக்காது. அரபிகள் பாய் விரித்து ஊருக்குக் கிளம்பிய அதே மாதங்களில்தான் நாங்கள் இங்கே பலகை அடித்துக் கடை போடுகிறோம்.

காற்றைத் தவறவிட்டவன் அடுத்த பருவம் வரை இங்கேயே இருக்க வேண்டும். அப்படித் தங்கியவர்களில் பலர் இங்கே குடும்பமானார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். சிலர் இங்கேயே மௌத்தானார்கள். நம்மில் பலருடைய குடும்ப வரலாறு இந்த நான்கு வரியில் அடங்கிவிடும்.

பாக்தாதைச் சேர்ந்த பலாதுரி, கி.பி. 892 அளவில் வபாத்தானவர். நாடுகள் வெற்றிகொள்ளப்பட்ட வரலாற்றை எழுதிய தன் நூலில் அவர் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். இரத்தினத் தீவின் அரசர், ஈராக்கின் கவர்னர் ஹஜ்ஜாஜ் பின் யூசுபிடம் சில முஸ்லிம் பெண்களை அனுப்பிவைத்தார். அந்தப் பெண்கள் இந்தத் தீவிலே பிறந்தவர்கள். அவர்களின் தகப்பன்மார் வியாபாரிகள். இங்கே மௌத்தாகிப் போனவர்கள். ஹஜ்ஜாஜின் நட்பைப் பெறுவதற்காக அரசர் இப்படிச் செய்தார் என்று பலாதுரி காரணத்தையும் ஒளிக்காமல் எழுதுகிறார்.

பிற்காலத்துச் சச் நாமா இதையே கொஞ்சம் மாற்றிச் சொல்கிறது. எட்டுக் கப்பல்கள், முத்துக்கள், அன்பளிப்புகள், கூடவே கஃபாவைத் தரிசிக்கப் புறப்பட்ட முஸ்லிம் பெண்கள் என்று அதில் வருகிறது. எனக்குப் பலாதுரி சொல்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. அதில் அலங்காரம் குறைவு. செத்துப்போன வியாபாரியின் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். அவ்வளவுதான்.

அரசரின் பெயரை அவர் சொல்லவில்லை. வருடத்தைக் கணக்குப் பார்த்தால் அப்போது அநுராதபுரத்தில் ஆண்டவர் மானவம்மன், கி.பி. 684 முதல் 718 வரை. இவர் லேசுப்பட்ட ஆள் அல்ல. காஞ்சிபுரத்துப் பல்லவ அரசரிடம் வருடக் கணக்கில் அண்டி இருந்து, அவர்களின் படையுதவியோடு திரும்பி வந்து அரியணையைப் பிடித்தவர். அந்நிய ஊரில் ஆதரவில்லாமல் கிடப்பது என்னவென்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கும் என்பது என்னுடைய ஊகம். நட்புக்காகச் செய்தாலும் சரி, இரக்கத்தால் செய்தாலும் சரி, செய்தவர் பௌத்த அரசர். செய்யப்பட்டது நம்முடைய வியாபாரிகளின் வாரிசுகளுக்கு.

கப்பல் தேபல் துறைமுகத்துக்கு அப்பால் கொள்ளையர் கையில் சிக்கியது. இன்றைய கராச்சிக்குக் கிழக்கே பன்போர் என்ற இடத்தில் கிடக்கும் இடிபாடுகள்தான் தேபல் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிடிபட்ட பெண்களில் பனூ யர்பூஃ கோத்திரத்தைச் சேர்ந்த ஒருத்தி ஹஜ்ஜாஜின் பெயரைச் சொல்லி ஓலமிட்டாளாம். செய்தி ஈராக்குக்குப் போனதும் ஹஜ்ஜாஜ் இதோ வந்தேன் என்று பதில் சொன்னாராம். சிந்து அரசர் தாஹிருக்குக் கடிதம் போனது. கொள்ளையர்கள் என் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள் அல்லர் என்று தாஹிர் கையை விரித்தார். முதலில் உபைதுல்லாஹ் பின் நப்ஹான் என்பவர் அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து ஓமானில் இருந்த புதைல் பின் தஹ்பாவுக்கு உத்தரவு போனது. அவரும் கொல்லப்பட்டார். மூன்றாவதாகத்தான் முஹம்மத் பின் காஸிம் புறப்பட்டார். அவருக்குப் பதினேழு வயது என்று சொல்வார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. தேபல் மீது முஸ்லிம்களின் கண் இதற்கு முன்பும் இருந்தது. உமர் (ரழி) அவர்களின் காலத்திலேயே அங்கு ஒரு படை போயிருக்கிறது. ஆகவே பெண்களின் ஓலம் ஒன்றுதான் காரணம் என்று மேடையில் முழங்குவது சரியல்ல. ஹஜ்ஜாஜும் யதீம்களுக்காக உருகும் மனிதர் அல்லர். அவருடைய கொடுமைகளை நமது இமாம்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் நிர்வாகத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை.

படைக்குச் சாமான் கட்டிய விதத்தைப் பாருங்கள். ஆறாயிரம் சிரிய வீரர்கள். ஊசி, நூல் வரைக்கும் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். சிந்துவில் காடி கிடைப்பது அரிது என்று கேள்விப்பட்டு, பஞ்சைக் கடுங்காடியில் ஊறவைத்து நிழலில் உலர்த்திக் கட்டி அனுப்பினார். வேண்டும்போது அந்தப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் காடி தயார். பாரமும் இல்லை, போத்தல் உடையும் பயமும் இல்லை. முப்பது வருடமாக ஹட்டனிலிருந்து மலைப்பாதையில் லொறியில் போத்தல் சாமான் ஏற்றுகிறவன் நான். இதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

கனமான சாமான்கள் கடல் வழியாகவும் படை தரை வழியாகவும் போய், இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமையில் தேபலில் சந்தித்தன. 'அரூஸ்', அதாவது மணப்பெண் என்று பெயரிட்ட கல்லெறியும் பொறி ஒன்று இருந்தது. அதை இயக்க மட்டும் ஐந்நூறு பேர். மூன்று நாளைக்கு ஒரு தடவை ஹஜ்ஜாஜுக்கும் முஹம்மத் பின் காஸிமுக்கும் இடையில் கடிதம் போய் வந்தது. தேபல் விழுந்தது. கைதிகளாக இருந்த பெண்கள் கோட்டையிலிருந்து மீட்கப்பட்டதாகச் சச் நாமா சொல்கிறது. தாஹிர் போரில் கொல்லப்பட்டார். முல்தான் வரை போனார்கள். அங்கே கிடைத்த பொன்னுக்கு அளவில்லை.

பிறகு ஹஜ்ஜாஜ் கணக்குப் பார்த்தார். பலாதுரி இதையும் விடாமல் எழுதியிருக்கிறார். சிந்துப் படையெடுப்புக்குச் செலவு 6 கோடித் திர்ஹம். வந்து சேர்ந்தது 12 கோடித் திர்ஹம். எங்கள் கோபமும் தணிந்தது, பழியும் தீர்ந்தது, 6 கோடித் திர்ஹமும் தாஹிரின் தலையும் மிச்சம் என்ற கருத்துப்பட ஹஜ்ஜாஜ் சொன்னாராம். ஒரு திர்ஹம் 2.9 கிராம் என்றால் மிச்சம் ஏறத்தாழ 174 தொன் வெள்ளி. எண்ணிக்கையில் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் கணக்குப் போட்ட முறையைப் பாருங்கள். முதல், வரவு, இலாபம் எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பெண்களின் தகப்பன்மார் இங்கே விட்டுப்போன முதல் எங்கே? அவர்களுக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு? கப்பலில் அவர்களோடு சாமான் இருந்ததா? அது யாருக்குப் போனது? இந்த வரிகள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. கோத்திரத்தின் பெயர் மட்டும்தான்.

நான் இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் இந்த இடம்தான்.

சில வருடங்களுக்கு முன்னர் வெளியூரிலிருந்து சீசனுக்கு வந்து கம்பளி, தொப்பி, பெட்டிச் சாமான் வியாபாரம் செய்த ஒரு சகோதரர், சீசன் நடுவிலே மாரடைப்பில் மௌத்தானார். நாங்கள்தான் ஜனாஸாவை ஊருக்கு ஏற்றி அனுப்பினோம். கடையிலிருந்து கிடைத்தது ஒரேயொரு கொப்பி. அதில் பெயர்களே இல்லை. 'சிவப்புத் தொப்பி 4,500', 'லயத்துக் கடைசி வீடு 1,200', 'உயரமான மாத்தயா, பாதி கொடுத்தாச்சு' என்று இப்படியே முப்பது பக்கம். எந்த லயம், எந்த மாத்தயா என்று அறிந்தவர் ஒருவர்தான். அவர் கபுறுக்குள் போய்விட்டார்.

கடைக்கு இடம் கொடுத்தவர் ஒரு சிங்கள முதலாளி. சீசன் முழுவதுக்கும் முற்பணம் வாங்கியிருந்தார். அவர் யாரும் கேட்காமலே மிச்ச மாதங்களைக் கணக்குப் பார்த்து, காசையும் கையால் எழுதிய கணக்கையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த ஊருக்கே போனார். மனைவி இத்தாவில் இருந்ததால் வாசலில் நின்று அவருடைய சகோதரனிடம் ஒப்படைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஆனால் மௌத்தானவரின் பங்காளி, நம்மவர், ஐந்து நேரமும் தொழுகிறவர். பார்ப்போம், கணக்குச் சரிவரவில்லை என்று ஒன்றரை வருடம் இழுத்தடித்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்தில் இல்லாத பங்கை அவருடைய மனம் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டது. கடைசியில் ஜமாஅத்தார் தலையிட்டு ஒரு தொகையைப் பேசி முடித்தார்கள். அது உண்மையான பங்கா, அதில் பாதியா என்பதை அல்லாஹ்தான் அறிவான்.

இப்போது வலீதின் வீட்டுக்குத் திரும்புவோம். அங்கேயும் இதே கதைதான். ஆனால் தொகை பெரிது.

அப்துல் மலிக் தனக்குப் பின் வலீத், வலீதுக்குப் பின் இளைய மகன் ஸுலைமான் என்று முடிவு செய்து வைத்திருந்தார். வலீத் கடைசிக் காலத்தில் தம்பியை ஒதுக்கிவிட்டுத் தன் மகனைக் கொண்டுவர முயன்றார். ஹஜ்ஜாஜ் அதற்குத் துணை நின்றார். விஷயம் முடிவாகவில்லை. 714இல் ஹஜ்ஜாஜ் மௌத்தானார். அடுத்த வருடம் வலீதும் மௌத்தானார். ஸுலைமான் கலீபாவானார்.

முதலாளி மாறினால் பழைய மனேஜர்களின் கதி என்ன என்று வியாபாரிகளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஸ்பெயினை நிர்வகித்த மூஸா பின் நுஸைர் அவமானப்படுத்தப்பட்டு, பெருந்தொகை அபராதம் விதிக்கப்பட்டார். ஸமர்கந்தைப் பிடித்த குதைபா, ஸுலைமானுக்குப் பயந்து கிளர்ச்சி செய்யப் போய்த் தன் சொந்தப் படையினராலேயே கொல்லப்பட்டார். 12 கோடித் திர்ஹம் சம்பாதித்துக் கொடுத்த முஹம்மத் பின் காஸிம் விலங்கு மாட்டி ஈராக்குக்குக் கொண்டுவரப்பட்டு, ஹஜ்ஜாஜ் கட்டிய வாஸித் நகரத்துச் சிறையிலேயே அடைக்கப்பட்டு, சித்திரவதையில் உயிர்விட்டார். அதைச் செய்வித்தவர் யார் தெரியுமா? முன்பு சொன்ன கணக்கப்பிள்ளை ஸாலிஹ். ஸுலைமான் அவரை ஈராக்கின் வரி அதிகாரியாக்கியிருந்தார். ஸாலிஹின் சகோதரனை ஹஜ்ஜாஜ் கொன்றிருந்தார். அந்தக் கடன், ஹஜ்ஜாஜ் இறந்த பின் அவருடைய உறவுக்காரப் பையனிடமிருந்து வசூலிக்கப்பட்டது.

இரத்தினத் தீவில் இறந்த சாதாரண வியாபாரியின் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பி வைக்க ஓர் அந்நிய அரசர் இருந்தார். மூன்று கண்டங்களை ஆண்ட கலீபாவின் ஆட்களைக் காப்பாற்ற, அவர் கண் மூடிய பின் ஒருவரும் இல்லை.

ஸுலைமானும் அதிக நாள் இருக்கவில்லை. 717இல் சிரியாவின் தாபிக் என்ற இடத்தில் நோயில் விழுந்தார். ஆனால் அவர் ஒரு வேலை செய்தார். ரஜா பின் ஹைவா என்ற ஆலிமின் ஆலோசனையில் தனக்குப் பின் யார் என்பதை எழுதி, மடித்து, முத்திரை வைத்தார். உள்ளே இருக்கும் பெயர் எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்று குடும்பத்தாரிடம் பைஅத் வாங்கப்பட்டது. அவர் இறந்த பின் ரஜா மறுபடியும் ஒரு தடவை எல்லோரிடமும் பைஅத் வாங்கிய பிறகே கடிதத்தைத் திறந்தார். உள்ளே உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் பெயர் இருந்தது. வலீதுக்கு அவர் சிறிய தந்தையின் மகன். அத்தோடு வலீதின் சகோதரி பாத்திமா உமரின் மனைவி, உமரின் சகோதரி உம்முல் பனீன் வலீதின் மனைவி. அப்துல் மலிக்கின் பிள்ளைகளில் ஒருவரான ஹிஷாம் முரண்டு பிடித்தார், பிறகு அடங்கினார். ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. அந்த வீட்டில் எத்தனை சண்டைகளுக்குப் பிறகு ஒரு துண்டுக் கடிதம் இதைச் செய்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சொல்லும் ஆயத்துத்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது, பகரா சூராவின் 282. வாரிசுப் பங்கைச் சொல்லும் இடத்திலும் கடனும் வஸிய்யத்தும் போக மிச்சத்தில்தான் பங்கு என்று வருகிறது. நமது நாட்டில் 1931ஆம் வருடத்து 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமற்ற உரிமைக் கட்டளைச் சட்டம் நம் மத்ஹபின்படியே சொத்தைப் பங்கிட இடம் தருகிறது. ஆனால் அந்தச் சட்டம் இருப்பதைத்தான் பங்கிடும். 'லயத்துக் கடைசி வீடு' யார் என்று நீதிமன்றம் கண்டுபிடித்துத் தராது. எங்கள் பக்கத்தில் தோட்டத்துச் சம்பளம் 10ஆம் திகதி போடும் வரை முழு மாதமும் கடனில்தான் ஓடுகிறது. கடைக்காரனின் சொத்தில் பாதி அலுமாரியில் இல்லை, அடுத்தவர் வாக்கில் இருக்கிறது.

என்னுடைய கொப்பியில் இப்போது பெயர், டிவிஷன், லயத்து இலக்கம் மூன்றும் எழுதுகிறேன். நான் கொடுக்க வேண்டியவை பின் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கின்றன. கொழும்பு மொத்த வியாபாரிக்கு, லொறிக்காரருக்கு, ஒரு தோட்டத்து அம்மா மகளின் கலியாணத்துக்காக என்னிடம் அமானிதமாகப் போட்டு வைத்திருக்கும் காசு. பங்காளியும் நானும் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துப் போடுகிறோம். முதல் தடவை கேட்டபோது அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஸுலைமானின் கடிதக் கதையைச் சொன்னேன், சிரித்துக்கொண்டே போட்டார். கொப்பி இருக்கும் இடம் மனைவிக்கும் இரண்டாவது மகனுக்கும் தெரியும். வெசாக்குக்குப் பிறகு மலை மூடி, மழை இறங்கி, கடையில் ஈ ஓட்டும் நாட்களில் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்து, தீர்ந்ததை வெட்டி, தீராததைப் புதிய பக்கத்துக்கு மாற்றுகிறோம்.